வீட்டுப் பட்டறையில் சிறிய பேண்ட் சா: பொருத்துவதும் பழகுவதும்

கைரம்பத்திலும் ஜிக்சாவிலும் மரவேலை பழகியவர்களுக்கு, இரண்டு அங்குலத் தடிமனுள்ள மாம்பலகையில் ஒரு வளைவை அறுக்க வேண்டி வரும்போதுதான் அந்தக் கருவிகளின் எல்லை தெரியவரும். ஜிக்சாவின் பிளேடு ஒரு முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், தடித்த மரத்தின் அடிப்பக்கத்தில் அது தன் போக்கில் சாய்ந்துவிடும். மேலே கோட்டின் மீது இருக்கும் வெட்டு கீழே இரண்டு நூல் (கால் அங்குலம்) தள்ளிப் போயிருக்கும். பேண்ட் சாவில் வளையமாக ஒட்டப்பட்ட மெல்லிய எஃகுப் பட்டை, மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடுகிறது. மரத்துக்கு மேலும் கீழும் அது, விலகாமல் தாங்கிப் பிடிக்கும் கைடுகளுக்கு நடுவில் செல்கிறது. பற்கள் எப்போதும் கீழ்நோக்கியே இழுப்பதால் மரம் மேசை மீது அழுத்தப்படுகிறதே தவிர, மேசை வட்ட ரம்பத்தில் நேர்வதுபோல ஆளை நோக்கித் திருப்பி எறியப்படுவதில்லை. புதியவர்களுக்கு இது ஏற்ற இயந்திரம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, உடனே அறுக்கத் தொடங்கும் இயந்திரம் அல்ல இது. கோடு விலகுகிறது, பிளேடு சக்கரத்தை விட்டு இறங்குகிறது, வாங்கிய சில வாரங்களிலேயே அறுந்துவிடுகிறது என்று சிறிய பேண்ட் சாவைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளைத் துருவிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பொருத்தமில்லாத பிளேடிலோ வரிசை மாறிச் செய்த சீரமைப்பிலோ போய் நிற்கும். ஆகவே இக்கட்டுரை, அறுப்பதற்கு முந்தைய அரை மணி நேர வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறது.

எந்த அளவு, எங்கே வைப்பது

பேண்ட் சாவின் அளவு அதன் சக்கரத்தின் விட்டத்தால் குறிக்கப்படுகிறது. வீட்டுப் பட்டறைக்கென விற்கப்படும் சிறிய இயந்திரங்கள் 8 முதல் 10 அங்குலச் சக்கரம் உடையவை. தொழில்முறைத் தச்சுப் பட்டறைகளில் 14 அங்குலமும் அதற்கு மேலும் இருக்கும். பிளேடுக்கும் இயந்திரத்தின் தூணுக்கும் இடையிலான அகலம் ஏறக்குறைய சக்கரத்தின் விட்டம்தான் என்பதால், 9 அங்குல இயந்திரத்தில் ஓரடிப் பலகையை நட்டநடுவே இரண்டாகப் பிளக்கலாம், ஆனால் இரண்டடி அகலப் பிளைவுட்டை நடுவில் அறுக்க முடியாது. அறுக்கக்கூடிய தடிமன் வேறு கணக்கு. 9, 10 அங்குல இயந்திரங்களின் விவரக் குறிப்பில் மூன்றரை முதல் நான்கு அங்குலம் வரை போட்டிருப்பார்கள். அது கைடுக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறதே ஒழிய மோட்டாரின் வலுவைச் சொல்லவில்லை. அரைக் குதிரைத்திறன் மோட்டாரில் நான்கு அங்குலக் கருவேலத்தை அறுப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

கடையில் பார்க்க முடிந்தால், மேல் மூடியைத் திறக்கச் சொல்லி மேல் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் அந்த இயந்திரத்தை விட்டுவிடலாம். சக்கரத்தின் மேல் உள்ள ரப்பர் டயரில் வெடிப்போ தளர்வோ இருக்கக் கூடாது. மேல் கைடைத் தாங்கும் கம்பியை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏற்றும்போது அது பிளேடை விட்டு ஒரு பக்கமாக விலகினால், ஒவ்வொரு முறை மரத்தின் தடிமன் மாறும்போதும் கைடைத் திருத்த நேரும். அந்த அளவுக்குரிய பிளேடு உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இந்த அளவு இயந்திரங்கள் பெரும்பாலும் 250 முதல் 400 வாட் வரை எடுப்பவை. நம் 230 வோல்ட் இணைப்பில் சாதாரண மூன்று முள் பிளக்கே போதும், ஆனால் எர்த் இணைப்பு உண்மையில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தேவைப்பட்டால் மெல்லிய வயர் உள்ளதைத் தவிர்த்து, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் கொண்டதைப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் இயந்திரத்தை நேராக இங்கே செருகினால் மோட்டார் கருகிவிடும். இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அறுக்கும் மேசை உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே அமைந்தால் நெடுநேரம் நிற்பதற்கு வசதியாக இருக்கும். மொட்டைமாடிக் கொட்டகையிலோ கார் நிறுத்துமிடத்திலோ வைப்பவர்கள், நீண்ட பலகை பிளேடைத் தாண்டி வெளியேறவும் அதே அளவு இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பிளேடு

இயந்திரத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் இயந்திரம் ஓடுகிறது என்று காட்டுவதற்கு மட்டுமே போதுமானது. முதல் செலவாக நல்ல பிளேடு ஒன்றை வாங்கிவிடுவதே சிக்கனம்.

பிளேடில் பார்க்க வேண்டியவை நீளம், அகலம், தடிமன், பல்லின் எண்ணிக்கை ஆகியவை. நீளம் இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டால், மேல் சக்கரத்தை அதன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்கி, அதோடு சக்கர விட்டத்தை 3.1416 ஆல் பெருக்கி வரும் தொகையைக் கூட்டுங்கள். 250 மில்லிமீட்டர் சக்கரமும் 500 மில்லிமீட்டர் மையத் தூரமும் இருந்தால் 1,785 மில்லிமீட்டர் வரும். பட்டை சுருளாகவே விற்கப்பட்டு, கேட்ட நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தரப்படுவதால் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

அந்த ஒட்டுதான் பிளேடின் உயிர்நிலை. பேண்ட் சா என்ற யோசனைக்கு வில்லியம் நியூபெரி 1809-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் சக்கரத்தைச் சுற்றி ஓயாமல் வளையும் ஒட்டு தாங்காததால் அது பல பத்தாண்டுகள் பயனுக்கு வரவில்லை. 1846-இல் ஆன் பாலின் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கண்டறிந்த ஒட்டும் முறைதான் அந்தத் தடையை நீக்கியது. இன்றும் பிளேடை வாங்கியவுடன் ஒட்டிய இடத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: பின்புற விளிம்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும், பக்கங்களில் மேடு இருக்கக் கூடாது. மேடு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கைடில் தட்டி "டக், டக்" என்று சீராக ஒலிக்கும். அது சிறிது நாளில் அங்கேயே அறுந்துவிடும்.

அகலம், எவ்வளவு நெருக்கமான வளைவை அறுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குல அகலமுள்ள பிளேடு, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும். இரண்டு நூல் பிளேடுக்கு 16 மில்லிமீட்டர் ஆரமும், மூன்று நூலுக்கு ஒன்றரை அங்குலமும், அரை அங்குலப் பிளேடுக்கு இரண்டரை அங்குலமும் தேவை. இதைவிட நெருக்கமாகத் திருப்பினால் பிளேடு முறுகும், மரம் கருகும். புதியவர்கள் இரண்டு நூல் பிளேடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டிவிடலாம் என்பது என் கருத்து. ஒரு நூல் பிளேடு கைக்கு எளிதாகத் தோன்றினாலும் நேர்க்கோட்டில் அலைபாயும், எளிதில் அறுந்தும் போகும்.

தடிமன் சிறிய இயந்திரங்களுக்கே உரிய பிரச்சினை. 14 அங்குலச் சக்கரத்துக்கென வரும் 0.65 மில்லிமீட்டர் பட்டையை 9 அங்குலச் சக்கரத்தில் மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அது அளவுக்கு மீறி வளைந்து, பற்களின் அடியில் நுண்ணிய வெடிப்பு விட்டு அறுந்துவிடும். சிறிய இயந்திரங்களுக்கு 0.36 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

பல்லின் எண்ணிக்கைக்கு ஒரு விதி போதும்: மரத்தின் தடிமனுக்குள் எந்நேரமும் குறைந்தது மூன்று பற்கள் இருக்க வேண்டும். அரை அங்குலப் பலகைக்கு அங்குலத்துக்கு 6 பல் சரி. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 14 பல் வேண்டும். மூன்று அங்குலக் கட்டைக்கு 3 அல்லது 4 பல் போதும். அங்கே பல் அதிகமானால் தூள் வெளியேற இடமின்றி பள்ளங்கள் அடைத்துக்கொண்டு, பிளேடு சூடாகி, வெட்டு வில்லாக வளையும்.

பொருத்தும் வரிசை

இந்தப் பகுதியில் சொல்லப்படும் எல்லாவற்றையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

முதலில் மேல் கைடு, கீழ்க் கைடு, அவற்றின் பின்னால் உள்ள பேரிங் எல்லாவற்றையும் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் பழைய பிளேடுக்கு வைத்த கைடுக்குள் புதிய பிளேடைத் திணிக்கிறார்கள். பின்பு செய்யும் சீரமைப்பு எதுவும் சரியாக அமைவதில்லை. கைடு பிளேடிடம் வர வேண்டும், பிளேடு கைடிடம் போகக் கூடாது.

சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். அது துள்ளி விரியும். மேசைக்கு மேலே தெரியும் பகுதியில் பற்கள் உங்களைப் பார்த்தும் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் கடையில் தவறான பிளேடு தந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரு கைகளாலும் பிடித்து வளையத்தை உள்வெளியாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

மேசையின் பிளவு வழியாகப் பிளேடைச் செலுத்தி, மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் மாட்டி, தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இப்போது மேல் சக்கரத்தைக் கையால், அறுக்கும் திசையில், மெதுவாகச் சுழற்றுங்கள். பிளேடு முன்னோ பின்னோ நகர்ந்தால் சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மீண்டும் சில சுற்றுகள் சுழற்றிப் பாருங்கள். பிளேடின் நடுப்பகுதி டயரின் நடுவில் நிலைத்து ஓட வேண்டும். பிறகு இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டத்தைச் சரிபாருங்கள். இறுக்கம் மாறினால் ஓட்டமும் மாறும் என்பதால் இரண்டையும் மாறி மாறித்தான் செய்ய முடியும்.

இறுக்கம் எவ்வளவு என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சிறிய இயந்திரங்களில் உள்ள அளவுகோலை முழுவதும் நம்ப வேண்டாம். அதன் ஸ்பிரிங் காலப்போக்கில் தளரும். மேல் கைடை மேசையிலிருந்து இயன்றவரை உயர்த்திவிட்டு, பிளேடின் பக்கத்தை விரலால் மிதமாக அழுத்துங்கள். ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு நூல் அளவுக்கு விலகுவது ஏறக்குறைய சரியான இறுக்கம். இடைவெளி நான்கு அங்குலமே இருந்தால் விலகலும் அதற்கேற்பக் குறைய வேண்டும். பின்பு மூடிகளை எல்லாம் மூடி, பிளக்கைச் செருகி, ஒரு நொடி ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிளேடு நடுங்கினால் இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும். மறுபடி பிளக்கைப் பிடுங்குங்கள்.

அடுத்து மேசை. பிளேடு இன்னும் கைடு எதுவும் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த நிலையில்தான் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மட்டத்தைப் பிளேடின் பக்கத்தில், பற்களில் படாமல், ஒட்டிவைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மேசையின் சாய்வு அளவுகோல் 0 என்று காட்டினாலும் மூலைமட்டம் சொல்வதையே நம்பி, 90 பாகைக்குத் திருத்தி இறுக்கிவிட்டு, அளவுகோல் முள்ளைப் பிறகு அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். பிளேடு நுழைவதற்காக மேசைப் பிளவில் கழற்றிய ஊசியையோ திருகையோ மீண்டும் மாட்ட மறக்காதீர்கள். அதுதான் பிளவின் இருபுறமும் மேசையைச் சமமாக வைத்திருக்கிறது.

கடைசியாகக் கைடு. பக்கக் கைடுகளின் முன் விளிம்பு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பற்கள் கைடுக்குள் போனால் அவற்றின் விரிப்பு, அதாவது பற்கள் இருபுறமும் சற்று வெளியே வளைந்து நிற்பது, ஒரே நொடியில் போய்விடும். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் வைத்து, கைடை விரலால் மெல்ல நகர்த்தி, தாளைத் தொட்டவுடன் இறுக்குங்கள். தாளை இழுத்தால் லேசான உரசலோடு வெளியே வர வேண்டும். மறுபுறமும் அப்படியே செய்யுங்கள். இறுக்கும்போது ஆலன் கீயோடு கைடும் சேர்ந்து திரும்பிப் பிளேடைத் தள்ளுவது வழக்கம், ஆகவே இறுக்கிய பிறகு தாளை வைத்து மறுபடி பார்ப்பது அவசியம். பின்பக்கப் பேரிங்குக்கும் பிளேடுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் விடுங்கள். வெறுமனே ஓடும்போது அந்தப் பேரிங் சுழலாமல் நிற்க வேண்டும். மரம் அழுத்தும்போது மட்டும் சுழல வேண்டும். கீழ்க் கைடு குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் இருப்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், மேல் கைடைப் போலவே அதுவும் வேலை செய்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் அறுப்பு

வேட்டி, லுங்கி, துப்பட்டா, தொளதொளத்த கைச்சட்டை எதுவும் ஓடும் இயந்திரத்தின் அருகில் வரக் கூடாது. கையுறையைக் கழற்றிவிடுங்கள், பிளேடு மாற்றும்போது காப்பாற்றும் அதே கையுறை, அறுக்கும்போது பல்லில் மாட்டி விரலை உள்ளே இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பேண்ட் சாவின் தூள் நுண்மையானது என்பதால் என்95 முகக்கவசத்தையும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் அங்குல மாம்பலகைத் துண்டில் பென்சிலால் நேர்க்கோடு போட்டுக்கொண்டு தொடங்கலாம். மேல் கைடை மரத்துக்கு மேலே கால் அங்குலம் மட்டும் இருக்குமாறு இறக்குங்கள். அதிகம் திறந்துவைத்தால் பிளேடு வளையும், விரலுக்கும் ஆபத்து. இயந்திரம் முழு வேகத்துக்கு வந்த பிறகே மரத்தைக் கொடுங்கள். இரு கைகளும் பிளேடுக்கு இரு பக்கத்திலும் இருக்கட்டும். எந்த விரலும் பிளேடின் நேர் எதிரே வரக் கூடாது. அறுப்பு முடியும் தறுவாயில்தான் விபத்து நேர்கிறது, ஏனெனில் மரத்தின் எதிர்ப்பு திடீரென மறைந்து, தள்ளிக்கொண்டிருந்த கட்டைவிரல் முன்னே பாய்கிறது. கடைசி மூன்று அங்குலத்துக்குத் தள்ளுகட்டையைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு வேகமாகத் தள்ளுவது என்பதைக் காது சொல்லும். மோட்டாரின் ஒலி தாழ்ந்தால் வேகம் அதிகம். தூளுக்குப் பதிலாகப் புகையும் கருகல் வாசனையும் வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது நீங்கள் தயங்கி நிற்கிறீர்கள். பாதி அறுத்த மரத்தை, இயந்திரம் ஓடும்போதே பின்னுக்கு இழுக்க வேண்டாம். பிளேடு சக்கரத்தை விட்டு முன்னே வந்துவிடும். அணைத்து, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு இழுங்கள்.

நேர்க்கோடு கைவந்த பின் வளைவுக்குப் போகலாம். அல்வாவும் களியும் கிண்டும் மரத் துடுப்பு இதற்கு நல்ல பயிற்சி, ஏனென்றால் அதில் நீண்ட நேர்ப்பகுதியும், இலை போன்ற புறவளைவும், கழுத்தில் நெருக்கமான உள்வளைவும் ஒரே பொருளில் வந்துவிடுகின்றன. முக்கால் அங்குலப் பூவரசு அல்லது மாம்பலகையில் உருவத்தை வரைந்துகொண்டு, அறுக்கும் வரிசையை முதலில் திட்டமிடுங்கள். கழுத்தின் உள்வளைவில் நேராக இறங்கினால் பிளேடு மாட்டிக்கொள்ளும். அதற்கு முன்பாக, பலகையின் விளிம்பிலிருந்து கோட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை முன்பாக நிற்கும் சிறு வெட்டுகளை, அரை அங்குலத்துக்கு ஒன்றாக, கழுத்து நெடுகப் போட்டுவிடுங்கள். பிறகு வளைவைத் தொடரும்போது கழிவுத் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பிளேடுக்குத் திரும்ப இடம் கொடுக்கும். கோட்டின் மீதே அறுக்காமல், கோடு மரத்தில் மிஞ்சும்படி வெளிப்புறமாக அறுத்து, மிச்சத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தீர்ப்பதே முறை.

அறுக்கக் கூடாதவை

உருண்டைக் கட்டையை மேசையில் வெறுமனே வைத்து அறுக்கவே கூடாது. பிளேடு பட்டவுடன் கட்டை உருளும், பிளேடு அதற்குள் சிக்கிக்கொள்ளும், பிடித்திருக்கும் கை பிளேடை நோக்கி இழுக்கப்படும். வி வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டையில் வைத்து, திருகு போட்டு அசையாமல் நிறுத்திய பிறகுதான் அறுக்கலாம். கொட்டாங்குச்சியில் கைவினை செய்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்: வட்டமான ஓட்டுக்கு, பிளேடு நுழையும் இடத்தில் அடியில் தாங்கல் இல்லை. அதைக் கைரம்பத்தால் அறுப்பது பாதுகாப்பு. வளைந்துபோன பலகையைக் குழிந்த பக்கம் கீழே வருமாறு வையுங்கள். மாற்றி வைத்தால் அது ஊஞ்சலாடும்.

காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கு அழகானது, விலையும் நியாயமாகக் கிடைக்கலாம். ஆனால் அதில் உடைந்த ஆணி ஒன்று புதைந்திருந்தால் புதுப் பிளேடு அங்கேயே முடிந்துவிடும். வலுவான காந்தத்தை மரத்தின் எல்லாப் பக்கங்களிலும் நகர்த்திப் பார்த்துவிட்டு அறுங்கள். ஆணியே இல்லாவிட்டாலும் தேக்கில் இயற்கையாக உள்ள சிலிக்கா பற்களை வேம்பையும் மாவையும்விட விரைவாக மழுக்கும். இரும்பை இந்த இயந்திரத்தில் அறுக்க நினைக்க வேண்டாம். மரத்துக்கான பேண்ட் சாவில் பிளேடு நிமிடத்துக்குப் பல நூறு மீட்டர் ஓடுகிறது, இரும்புக்கு அதில் ஒரு சிறு பங்கு வேகமே ஏற்றது.

நேராகப் பிளப்பது

ஃபென்ஸ் என்ற பக்கச் சட்டத்தை ஒட்டி அறுக்கும்போது மரம் சட்டத்தை விட்டு விலகுவதோ அதில் இறுகுவதோ சிறிய இயந்திரங்களில் சாதாரணம். பிளேடின் இரு பக்கப் பற்களும் துல்லியமாகச் சமமாக இல்லாததால் ஒவ்வொரு பிளேடுக்கும் தனக்கென ஒரு சாய்வு உண்டு. ஓரடி நீளப் பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, சட்டம் இல்லாமல், கோட்டிலேயே பிளேடு போகுமாறு கையால் மட்டுமே பிடித்துப் பாதிவரை அறுங்கள். அங்கேயே பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை அணைத்து, பலகையின் விளிம்பை ஒட்டி மேசையில் பென்சிலால் கோடு போடுங்கள். சட்டத்தை அந்தக் கோட்டுக்கு இணையாகத் திருப்பி இறுக்கினால் போதும். பிளேடை மாற்றினால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். சாய்வு மிக அதிகமாக இருந்தால் சட்டத்தைத் திருப்புவதை விட்டு, பிளேடு மழுங்கிவிட்டதா, டயரின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கத்திலேயே நாள்கணக்கில் நிற்கும் பிளேடு டயரில் பள்ளம் பதிக்கும். மறுமுறை ஓட்டும்போது இறுக்க மறந்துவிடாதபடி, "தளர்ந்துள்ளது" என்று எழுதிய அட்டை ஒன்றைச் சுவிட்சில் மாட்டும் பழக்கம் உதவும். கீழ்ச் சக்கரத்தின் டயரில் தூள் அப்பிக்கொண்டால் பிளேடு குதித்து ஓடும், ஆகவே அதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். பலா, மா, வேம்பு போன்ற மரங்கள் ஈரத்தோடு இருந்தால் பிளேடில் பிசின் ஏறும். பிளேடைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, உடனே காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். வார்ப்பிரும்பு மேசையாக இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பு மெழுகு தேய்த்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் இதை மாதம் ஒரு முறை செய்தாலும் தகும். கழற்றிய பிளேடுகளை மூன்று வளையமாகச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் அகலம், பல்லின் எண்ணிக்கை, மாட்டிய தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள்; மழுங்கியது எது, புதியது எது என்பதை இருட்டில் பல்லைத் தடவித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.